மீட்டரில் தெரியாத எருமை

1. நீல விளக்கு

தாம்பரத்தில் ஒரு தனியார் லேபில் இருபத்தாறு வருடம் தண்ணீர் டெஸ்ட் செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். மூன்றே மாதத்தில் மறுபடியும் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் 'ஹைட்ரேஷன் கன்சல்டன்ட்'. விசிட்டிங் கார்டைப் படித்த என் கணவர், "தண்ணி காட்டற வேலையா?" என்றார்.

முதலாளி சேகர், ஊரப்பாக்கத்துக்காரர். அப்பாவின் நெல் வயல் பிளாட்டுகளாகிவிட, இவர் மலையேற்றக் கம்பெனி ஆரம்பித்தார். வார இறுதிகளில் சிறுசேரி ஐ.டி. ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய் டென்ட்டில் தங்க வைப்பார். முதல் நாளே கேட்டார்:

"அக்கா, ஓடைத் தண்ணிய எப்டி சுத்தம் பண்றது?"

"துணியில வடிகட்டி, தளதளன்னு கொதிக்க வெச்சிடுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இன்னாக்கா, வெந்நி போடறதுக்கா கன்சல்டன்ட்டு?"

குளோரின் மாத்திரையைச் சொன்னேன். போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். "நீச்சல் குளம் வாசன வரும். கஸ்டமர் பேஜாராய்டுவான்." கையால் அழுத்தும் ஃபில்டரைக் காட்டினேன். "இருவது பேருக்கு அழுத்தி முடிக்கறதுக்குள்ள ஊருக்குக் கெளம்பற நேரம் வந்துடும்."

கடைசியில் அவரே கிருமியைக் கொல்லும் யு.வி. பேனா ஒன்றை வாங்கி வந்தார். பாட்டிலில் விட்டுக் கலக்கினால் நீலமாக எரியும். கலங்கல் தண்ணீரில் அந்த வெளிச்சம் கிருமியை எட்டாது என்றேன். "மலத் தண்ணி கண்ணாடி மாரி கீதுக்கா" என்றார். டீ போட என்று சொல்லி அடுப்பையும் பெரிய பாத்திரத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டேன்.

2. முப்பத்தெட்டு

கல்வராயன் மலைப் பக்கம் முகாம். முந்தின நாள் மழையில் ஓடை டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஏறி வந்ததில் எல்லோர் பாட்டிலும் காலி. சேகர் ஓடைத் தண்ணீரில் பேனாவை விட்டுக் கலக்கினார். நீல வெளிச்சத்தை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் அப்படியே டீ நிறத்தில் இருந்தது. நான் துணி கட்டி வடித்து, பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன்.

வந்திருந்த ஐ.டி. டீமின் மேனேஜர் தினேஷ் பாக்கெட்டிலிருந்து டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார். நம் பக்கத்தில் அதில்லாமல் யாரும் வாடகை வீடுகூடப் பார்ப்பதில்லை. ஓடையில் முக்கினார். முப்பத்தெட்டு.

"மேடம், எங்க மேடவாக்கம் ஃப்ளாட்ல போர் தண்ணி ஆயிரத்து நானூறு. இது முப்பத்தெட்டு! கேன் வாட்டரே தோத்துடும்."

"சார், அது கரைஞ்ச உப்பைத்தான் அளக்கும். கிருமி அதுல தெரியாது. மேல வளைவுல ரெண்டு எருமை ஓடையில படுத்திருக்கு. இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன்."

"நீங்க ஃபீலிங்ஸ் பேசறீங்க மேடம். நான் டேட்டா பேசறேன்."

சேகர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கிளையன்ட்டின் மூடைக் கெடுக்காதே என்று அர்த்தம். லேபில் எத்தனையோ சாம்பிள்களைத் தயங்காமல் 'ஃபெயில்' என்று எழுதியவள், அங்கே வாயை மூடிக்கொண்டேன். தினேஷ் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தார். அப்ரைசல் மாதம் என்பதால் அவர் டீமில் இன்னும் மூன்று பேர் குடித்தார்கள். மற்றவர்கள் என் பாத்திரம் கொதித்து ஆறும்வரை காத்திருந்தார்கள்.

3. தயிர்சாதம்

மறுநாள் திரும்பும்போது, செங்கல்பட்டிலிருந்து வண்டலூர் வருவதற்குள் வேன் ஐந்து இடத்தில் நின்றது. இறங்கி ஓடியவர்கள் அந்த நால்வரும்தான்.

திங்கட்கிழமை தினேஷிடமிருந்து மெயில் வந்தது. ஃபுட் பாய்ஸனிங்காம். காரணம் தயிர்சாதமாம். அதைச் செய்து தந்தவர் கூடுவாஞ்சேரி சரோஜா. எங்கள் ஆர்டரை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"அக்கா, நீங்க லேப்ல இருந்தவங்க. தயிர்சாதந்தான்னு ஒரு லெட்டர் குட்த்துடுங்க. சாப்பாட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம். இந்த கிளையன்ட்ட வுட்டா நாம காலி" என்றார் சேகர்.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் இருபத்திரண்டு பேர். வயிறு கெட்டது நான்கு பேருக்கு. காய்ச்சாத ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்களும் அதே நான்கு பேர். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"இதுதான் என் லெட்டர். பிடிக்கலைன்னா வேற கன்சல்டன்ட் பார்த்துக்கோங்க."

சேகர் இரண்டு முறை படித்தார். "நானும் அந்தத் தயிர்சாதத்த சாப்ட்டேன் இல்ல?"

"ரெண்டு வாட்டி."

"எனக்கு ஒண்ணியும் ஆவலயே..." என்று இழுத்தவர், அதையே அனுப்பி வைத்தார். தினேஷ் பதில் போடவில்லை. அடுத்த டிரிப்புக்கும் சரோஜாதான் சாப்பாடு கட்டினார்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. குடித்த நால்வரில் ஒருத்தி, ஆர்த்தி. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். கோபமே இல்லாமல் கேட்டாள்:

"எருமைன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு மேடம். இன்னொரு தடவை சத்தமா சொல்லியிருந்தீங்கன்னா நான் குடிச்சிருக்க மாட்டேன். ஏன் சொல்லல?"

மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு முறையையும் எப்படிச் செய்வது என்பது மாத்திரை, ஃபில்டர் டப்பாவிலேயே எழுதியிருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் முறையில் இப்போது மூன்று படிகள். வடிகட்டு. காய்ச்சு. அதுவரை பச்சைத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோகிறவர் மேனேஜராகவே இருந்தாலும், பாட்டிலைப் பிடுங்கு.