சுண்ணாம்பு அடித்த மலை

சண்முகரத்தினத்துக்குச் சுத்தம் என்றால் உயிர். கேரி தீவுத் தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்றாலே மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, புல் பூண்டு இல்லாமல் செதுக்கவைத்து நல்ல பேர் வாங்கியவர். ஓய்வு பெற்று ரவாங்கில் வீடு கட்டிய பிறகும், எந்தக் குழு போட்டாலும் தலைவர் நாற்காலியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார்.

எண்பத்திரண்டாம் வருஷம், அவர் வீட்டுக்கு எதிரே இருந்த வௌவால் மலையைக் காப்பாற்ற ஒரு குழு போட்டார்கள்; தலைவர் அவர்தான். மலையை உடைக்கக் குவாரிக்காரன் காத்திருந்தான். இயற்கைப் பாரம்பரிய இடமாகப் பரிந்துரைத்து அரசாங்கப் பாதுகாப்பில் சேர்த்தால்தான் தடுக்க முடியும். அதற்கு வேறெங்கும் இல்லாத ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். இருந்தது. பாறை வெடிப்பில், பாசிக்கு நடுவே, விரல் நீளத்துக்கு ஒரு செடி. பல்கலைக்கழகத்து மார்க்கிரட் கண்டுபிடித்தது. உலகத்திலேயே அந்த ஒரு பாறைச்சுவரில்தான் முளைக்கிறதாம்.

குழுத் தலைவர் அதை ஒருநாளாவது போய்ப் பார்த்திருப்பாரா? எங்கே! அரிய செடி என்றால் மலையுச்சியில் பெரிசாய்ப் பூத்திருக்கும் என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மலையைக் காப்பாற்ற மனுஷனுக்கு நிஜமாகவே ஆசை. விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பார்.

நிபுணர்கள் பார்வையிட வரும் நாள் முடிவானதும் மார்க்கிரட் போன் செய்தாள். "எங்களுக்காக எதுவும் செய்ய வேணாம் அங்கிள். மலை இருக்கிறபடியே இருக்கட்டும்."

விருந்தாளி ஒன்றும் வேண்டாம் என்றால் வடை பாயசத்தோடு இலை போடுகிற கூட்டமாயிற்றே நாம்! படித்த பெண், நாசூக்காகச் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டார். ஆள் பிடித்தார். பாறையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவைத்து, கூடவே நின்று, கைக்கு எட்டிய உயரம் வரை சுண்ணாம்பு அடிக்கவைத்தார். அடிவாரத்தில் காகிதப்பூத் தொட்டிகள் வேறு.

நிபுணர்கள் வந்தார்கள். மார்க்கிரட் அந்த வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"அந்தச் செடி இங்கதான் இருந்துச்சு, அங்கிள்."

"இங்கயா? இங்க ஒரே குப்பை லா. ஒன்னு விடாம சுரண்டிட்டேன்" என்றார் பெருமையாக.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பரிந்துரை அதோடு போயிற்று. குவாரிக்காரன் வெடி வைத்தான். இப்போது கல் லோரிகள் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகின்றன. மலை தூசியாக வந்து ஜன்னலில் படிகிறது. சண்முகரத்தினம் தினமும் காலையில் துணி நனைத்துத் துடைக்கிறார். நன்றாகத் துடைக்கட்டும்.