கூலிக்கு வந்த பெண்

சந்தையில் மாடு வாங்கும்போது பல், கொம்பு, சுழி எல்லாம் பார்த்துவிட்டு, "கொறை எதனா கீதா?" என்று கேட்பார்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். ஆம்பளையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அப்பா குடித்துவிட்டுச் சாமைக் கொல்லையில் விழுந்து கிடப்பார். அது குறை இல்லை. சாமை அரைக்கும் மெஷினில் எனக்கு இரண்டு விரல் போனது. அது குறை.

மெஷினில் போன விரல் வம்சத்திலேயே வரும் என்று சொல்லி, தங்கச்சிக்கு வந்த ஒரு இடம் தட்டிப்போனது. அதனால் கலசப்பாக்கத்துக்காரர்கள் அவளைப் பார்க்க வந்தபோது, அம்மா என்னைப் பின்பக்கம் புளி தட்ட உட்கார வைத்தாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு பொம்பளை உள்ளே வந்து வீட்டை நோட்டம் விடுவது வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா நேராகப் பின்பக்கம் வந்து என் கையைப் பார்த்தார்.

"இது யாரு?"

"கூலிக்கு வந்த பொண்ணுங்க," என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை.

"கொறையுள்ளதப் போய் வெச்சிக்கிறீங்களே. வேலை ஆவுமா?"

"அதெல்லாம் நல்லா செய்யுங்க."

கல்யாணத்தில் நான் பாத்திரம் கழுவினேன். கூலிக்காரி பந்தியில் உட்கார முடியுமா?

போன மாசம் சம்பந்தியம்மா தங்கச்சியோடு வந்தார். தங்கச்சி முழுகாமல் இருந்தாள், ஓயாத வாந்தி. "உங்க கூலிப் பொண்ண எங்க வூட்டுக்கு அனுப்புங்க. இவளுக்கும் ஒத்தாசையா இருக்கும். சோறு போட்டு வெச்சிக்கறோம்," என்றார்.

இப்போதாவது அம்மா சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ண அனுப்புமா," என்றாள் தங்கச்சி. பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவள்.

"நான் வர்லீங்க," என்றேன். "எங்கம்மாவ வுட்டுட்டு எப்டி வர்றது?"

"யாரு உங்கம்மா?"

கையை நீட்டிக் காட்டினேன். குறைக் கையைத்தான்.

சம்பந்தியம்மா அம்மாவைப் பார்த்தார். "பெத்தத கூலின்னு சொல்ற வூட்டுப் பொண்ணு எங்களுக்கு வாணாம். நீங்களே வெச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனார்.

தங்கச்சி இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டுகிறாள். கூப்பிட்டுப் போக யாரும் வரவில்லை. ஊர்க்காரர்கள், "அவளுக்கு இன்னா கொறை, அனுப்பிட்டாங்க?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

"எனக்கு இன்னாங்க தெரியும், நான் கூலிக்கு வந்தவ," என்கிறேன். அவள் காதில் விழும்படிதான்.