சிவப்புச் சீட்டு கட்டிய குப்பி

நான் ஐந்து வருஷம் பாடுபட்டுச் செய்த பொருளுக்குள் ஒன்றுமே கிடையாது. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. இதை என் கணவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. என் நெறியாளரிடம் நிரூபிப்பதற்குள் பாதி உயிர் போயிற்று.

இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி. ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். பகுதி நேரமாக பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தேன். கணவர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். இருவரும் விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஓசூர்க் குளிருக்கு அவர் ஸ்வெட்டரும் நான் கோபமும் போர்த்திக்கொண்டு திரிந்தோம்.

என் ஆராய்ச்சி இதுதான். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, இறுக்கி மூடிய எஃகுக் குடுவையில் எட்டு மணி நேரம் சூடாக்கினால், அது கருகி மிகச் சின்னக் கரி உருண்டைகளாகும். ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு உருண்டையை வரிசையாக உட்காரவைக்கலாம், அவ்வளவு சின்னது. அதன் மேல் வெள்ளீய உப்பு ஒட்டுகிற மாதிரி ஊறவைத்து, கழுவி, காயவைத்து, ஃபர்னஸில் ஐந்நூறு டிகிரி வரை மெதுவாக ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கரி எரிந்து காற்றோடு போய்விடும். வெளியே வெள்ளீய ஆக்சைடு ஓடு மட்டும் மிஞ்சும், உப்பின பூரி மாதிரி. சமையல் கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கும் கருவிக்கு இந்தத் தூள் நல்லது. உருண்டை கெட்டியாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் கேஸ் படும். உள்ளே காலியாக இருந்தால் ஓட்டிலுள்ள நுண்துளை வழியே நுழைந்து இரண்டு பக்கமும் படும், கருவி சீக்கிரம் விழித்துக்கொள்ளும்.

"அப்ப சர்க்கரை எங்க போச்சு?" என்றார் கணவர்.

"காத்துல போச்சு."

"இதுவரைக்கும் எத்தனை கிலோ?"

நான் சர்க்கரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளினேன். அந்த மாதம் வீட்டில் காபி ஏன் கசந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

எஃகுக் குடுவையைக் கடைந்து கொடுத்தவர் ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்காரர். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் கன்னடம், விலை ஏற்றும்போது தமிழ் பேசுவார். நான் கொடுத்த வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "விசில் எங்க வெக்கிறது மேடம்?" என்றார். விசில் வேண்டாம் என்றேன். "விசில் இல்லாத குக்கருங்களா? உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். செய்து முடித்து என் கையில் கொடுக்கும்போது, ஒருமுறை கவலையாக என் முகத்தைப் பார்த்தார்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் கணவர் என்னைக் கூட்டிப்போகக் கல்லூரிக்கு வருவார். ஃபர்னஸ் ஆறும்வரை ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குச் சும்மா உட்கார வராது. ஒரு நாள் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தார், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. நல்ல தூள் பச்சைக்கு, கெட்டது சிவப்புக்கு. கெட்டதைக் காரணம் எழுதாமல் கொட்டவே கூடாது, அது கம்பெனிச் சட்டம். குப்பியில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். சீட்டில் என்ன பொருள், என்ன காரணம், என்ன முடிவு என்று மூன்று வரி. முடிவு மூன்று விதம்: கழித்துவிடு, திருத்து, அப்படியே பயன்படுத்து. மூன்றாவதைப் பதினோரு வருஷத்தில் ஒருதரம்கூட எழுதியதில்லை என்று அவருக்குப் பெருமை. அதை எழுதுகிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி.

இந்தப் பைத்தியம் வீட்டுக்கும் வந்தது. பால் பொங்கினால் மூல காரணம் என்ன என்று கேட்பார். நான் கரண்டியைக் காட்டியதும் விசாரணை முடிந்துவிடும். கருகிய தோசையை மட்டும் காரணம் கேட்காமல் தின்றுவிடுவார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது மின்வெட்டுக் காலம். கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஒருநாள் ஃபர்னஸ் நிமிஷத்துக்கு ஒரு டிகிரியாக நல்ல பிள்ளை போல ஏறி, இருநூற்றைம்பதைத் தாண்டியபோது கரண்ட் போயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. ஃபர்னஸுக்கு மெதுவாகப் போக வேண்டும் என்பது மறந்துவிட்டது, ஐந்நூறுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இருபது நிமிஷத்தில் ஏறி நின்றுவிட்டது. தூளைக் கழுவுதொட்டியில் கொட்டப் போனேன். கணவர் கையைப் பிடித்துத் தடுத்து, குப்பியில் அடைத்து, சீட்டு எழுதினார். பொருள்: தூள். காரணம்: கரண்ட் போச்சு. முடிவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. யோசிக்க வேண்டுமாம்.

இதற்கிடையில் என் பதிவுக் காலம் முடிய ஒரு மாதம்தான் மிச்சம் இருந்தது. நெறியாளர் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஐந்து வருஷமும் சர்க்கரை போன வழியில் போகும். அவர் சேலத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார், அசையவும் மாட்டார். "உள்ள காலியா இருக்குதுன்னு ஒரு படம் காட்டுங்கம்மா, அந்த நிமிஷமே போட்டுடறேன்" என்றார். ஊடுருவிப் பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், மேற்பரப்பை மட்டும் காட்டும் மைக்ராஸ்கோப் இரண்டு மணி நேரம் கிடைத்தது.

கிளம்பும் அன்று காலை வீட்டில் சண்டை. இரண்டு பெட்டியையும் முந்தின நாளே ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்தோம். பச்சைப் பெட்டியிலிருந்து மூன்று குப்பி எடுத்துவைத்தேன். கணவர் சிவப்புக் குப்பியையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையும் கொண்டு போ."

"எதுக்குங்க?"

"மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு காட்டணும். கெட்டத அது கண்டுபிடிச்சாத்தான் நல்லதப் பத்தி அது சொல்றத நம்பலாம். நாங்க தினமும் அப்படித்தான் ஷிப்டே ஆரம்பிப்போம்."

"அது கோடிக்கணக்கான ரூபாய் மிஷின். உங்க பல்சக்கரம் அளக்கிற கருவி இல்ல."

"கோடி ரூபான்னா கூடுதலா சந்தேகப்படணும்."

என் வாழ்நாள் உழைப்பைப் பார்க்கப் போகும் இடத்துக்குக் கழிவை எடுத்துப் போக மாட்டேன் என்று கத்திவிட்டு, குப்பியைச் சிவப்புப் பெட்டியிலேயே போட்டேன். அவர் எனக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் நெறியாளர் காத்திருந்தார். மாநில எல்லையில், ஜூஜுவாடியில், லாரிகளுக்கு நடுவே பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது. அவர் நன்றாகத் தூங்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

பெங்களூர் நிலையத்தில் முதல் குப்பித் தூளை மைக்ராஸ்கோப்பில் போட்டார்கள். திரையில் உருண்டைகள், வழவழவென்று, ஒரே அளவாக, ஒரு கீறல்கூட இல்லாமல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப அழகா இருக்குதுங்கம்மா. கடுகு கொட்டி வெச்ச மாதிரி. ஆனா கடுகும் வெளிய பாத்தா இப்படித்தானே இருக்கும்? உள்ள காலியா இல்லையான்னு இது சொல்லலீங்களே."

ஏறிய பெருமை அப்படியே இறங்கியது. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் இன்னும் மோசம். கல்வத்தில் போட்டு அரைத்தோம். அரைத்ததைப் பார்த்தால் வெறும் நொறுங்கல். எதன் துண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி உடைந்து, பாதி உருண்டையாக நிற்கிற ஒன்று வேண்டும் என்றார் மைக்ராஸ்கோப்பை இயக்கியவர். நான் ஐந்து வருஷமாக ஒன்றுகூட உடையாமல் இருக்கத்தான் பாடுபட்டிருந்தேன். நேரம் நாற்பது நிமிஷம் மிச்சம். அழுதுவிடுவேன் போலிருந்தது. நெறியாளருக்கு அழுகிறவர்களைப் பார்த்தால் பயம்.

"மொதல்ல சாப்பிடுங்கம்மா. பசியில எதுவும் ஓடாது" என்று வெளியே அழைத்துப் போனார்.

டிபன் பையைத் திறந்தேன். எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில், ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புச் சீட்டு கட்டிய குப்பி.

எனக்கு வந்த கோபத்தில் கணவர் எதிரில் இருந்திருந்தால் சாதத்தை அவர் தலையில் கொட்டியிருப்பேன். நெறியாளர் சீட்டை வாங்கி, "காரணம், கரண்ட் போச்சு" என்று சத்தமாகப் படித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் பிசைந்த சாதம் அப்படியே நின்றது.

"இருபது நிமிஷத்துல ஏறிடுச்சுங்களா? அப்ப உள்ள இருந்த கரி எல்லாம் ஒரே மூச்சுல புகையா கெளம்பியிருக்கும். எந்திரிங்கம்மா, போட்டுப் பாக்கலாம்."

போட்டார்கள். திரை தெளிந்தது. எல்லாம் உடைசல். ஒன்றுக்குப் பாதி ஓடு இல்லை, ஒன்றுக்கு உச்சியில் ஓட்டை, ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அத்தனைக்குள்ளும் சுத்தமாகக் காலி. ஓட்டின் தடிமனைக்கூட அளக்க முடிந்தது. எவ்வளவு அசிங்கமான படம், எவ்வளவு சந்தோஷம். நெறியாளர் அங்கேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் சமர்ப்பிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். எலுமிச்சை சாத எண்ணெய் பட்ட கையெழுத்து அது.

அடுத்த வாரம் மறுபடி உறுதிசெய்ய, வேண்டுமென்றே ஃபர்னஸை நிறுத்திப் போட்டோம். அப்போதும் உடைந்தது. ஆய்வேட்டில் அதற்கு 'விரைவு வெப்பமேற்றல் முறை' என்று பெயர் வைத்தேன். நன்றியுரையில் மின்வெட்டைக் குறிப்பிடவில்லை.

ஆனால் பெங்களூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், ஓசூர் பேருந்து நிலையத்தில் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்கவில்லை.

"மிஷின் கெட்டதக் கண்டுபிடிச்சுச்சா?"

"கண்டுபிடிச்சது."

"அப்ப நம்பலாம்."

படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "எல்லாமே ஒடஞ்சில்ல இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். "இதுக்கா கையெழுத்துப் போட்டாரு?" இதற்குத்தான் என்று முழுக்கதையும் சொன்னேன். காலையில் கத்தியது தப்பு என்றும் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் குப்பியைக் கேட்டு வாங்கினார். மேஜையில் வைத்து, சீட்டை விரல்களால் நீவிவிட்டு, காலியாக இருந்த மூன்றாவது வரியில் நிதானமாக எழுதினார். முடிவு: அப்படியே பயன்படுத்து. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீயும் போடு. இந்த முடிவுக்கு ரெண்டு கையெழுத்து வேணும்."