மயிலாஞ்சி விறையல்

காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பும் விரலில்தான். குளச்சலிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கோ, பத்து விரல்களிலும் பாதிவரை கருஞ்சிவப்பாக மயிலாஞ்சி. மறுநாள் மகளுக்கு நிக்காஹ் என்று குடும்பமே மருதாணி போட்டிருந்தது. நகமும் தெரியவில்லை, கிளிப்பும் வேலை செய்யவில்லை.

"மயிலாஞ்சி குளிர்ச்சியில்லியா டாக்டரே, அதான் இந்த விறையலும் நடுக்கமும்," என்றார் கூட வந்த அவருடைய அக்காள். "காலையிலயே கழுவி விட்டாச்சு. கம்பிளி போட்டு மூடி, சுக்குக் காப்பியும் குடுத்தாச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மயிலாஞ்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! ஒண்ணுக்குப் போகும்போ எரிச்சல் இருந்துதான்னு கேட்டீங்களா?"

அக்காள் அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாண வீட்டு நெரிசலில் அந்த அம்மா தண்ணீரும் குடிக்காமல், கழிவறைக்கும் போகாமல் ஓடியாடியிருக்கிறார். சிறுநீரில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடந்தது.

அருகில் நின்ற மணப்பெண்ணை, தன் சொந்த மகளையே பார்த்து அந்த அம்மா, "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா பொழச்சிருவாங்களா டாக்டர்?"

"இப்பம் சொல்ல முடியாதும்மா," என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கம்மலைக் கழற்றிக் காதில் கிளிப்பை மாட்டினோம். நகத்துக்குப் பதிலாக முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், ரத்தம் எட்டாமல் சில்லென்று இருந்தது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் போட்டு, இரண்டு கையிலும் சலைன் ஏற்றினோம். அப்படியும் அழுத்தம் மசியவில்லை. அதை உயர்த்தும் மருந்தைத் தொடங்கிவிட்டு, எல்லோரும் மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் அதில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்ததும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது என்று நர்ஸ் கைதட்டியே விட்டாள். எங்கள் பிழைப்பில் இதுவும் ஒரு கொண்டாட்டம்தான்.

நிக்காஹைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு மணப்பெண் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். மறுநாள் காலை நான் போனபோது, அந்த அம்மா கண் விழித்து அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கல்யாணத்த வச்சுக்கிட்டு நீ இங்க என்ன செய்யுத? வீட்டுக்கு வந்த ஆளுவளுக்கு யாருட்டி சோறு போடுதா?"

வசவு நிற்கிற வழியாக இல்லை. மணப்பெண் ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏசுதாங்க டாக்டர்! என்னைத்தான் ஏசுதாங்க!"