ஆமைக்கூடை தூக்கிய மாப்பிள்ளை

போன் மணி அடித்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மகள் கமலா கடைக்குப் போயிருந்தாள். முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள், பிறகு இங்கிலீஷில். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மாப்பிள்ளையின் பெயரும், திரும்பத் திரும்ப வந்த ‘சாரி’யும் காதில் விழுந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. டவுன்டவுனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்பதைப் பிறகு சொன்னார்கள். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது, “மாமா, ஜன்னல்ல வெயில் வந்ததும் அதுங்களுக்குப் புழு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசிப் பேச்சு. பெண்டாட்டிக்கு ஒரு சொல் இல்லை. ஆமைக்குப் புழு.

சங்கத்து நினைவு மலரில் போட நாலு நல்ல வார்த்தை கேட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லக் கமலா எழுதுகிறாள். மேலே உள்ளதை எழுதும்போதே முறைத்தாள். “சொன்னபடி எழுதும்மா” என்றேன். பேராசிரியர் வரதன் என்று நீங்கள் கும்பிட்ட மனிதரோடு ஒரே கூரையின் கீழ் கிடந்தவன் நான்தான்.

இந்த ஊரில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்த புதிதில் நான் புறநகர் பியர்பொன்ட்ஸில் இவர்கள் வீட்டுக்கு வந்தேன். அடுத்த கோடையில் டவுன்டவுன் கடையொன்றில் ‘பெட்டி ஆமை’ என்கிற ஜாதியில் ஆணும் பெண்ணுமாக இரண்டை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார் மாப்பிள்ளை. கையளவு ஜந்து. தொட்டால் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு, அடி ஓட்டைக் கதவு மாதிரி தூக்கி அடைத்துக்கொள்ளும். காலையில் வெயில் கம்பளத்தில் எங்கே விழுகிறதோ அங்கே வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் நகரும். பின்னாலேயே மாப்பிள்ளையும் குப்புறப் படுத்தபடி நகர்வார். பல்கலைக்கழகமே எழுந்து நிற்கும் மனிதர், லுங்கியோடு.

“ஆணோட கண்ணைப் பாருங்க மாமா, எப்படிச் சிவந்திருக்குன்னு!”

பெண்டாட்டியின் கண் சிவந்து கிடந்த நாட்களில் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

குளிர்காலம் வந்தால் அவை தூங்க வேண்டுமாம். மண்ணும் சருகும் நிரப்பிய பெட்டியில் இறக்கி, பேஸ்மென்டில் வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே விட்டார். ஆமைகள் சுகமாகத் தூங்கின. நாங்கள் மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அப்போது இங்கே கோயில் கிடையாது. மாதம் ஒரு வீட்டில் பஜனை. பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாத கமலாவுக்கு அது ஒன்றுதான் மனித முகம். ஆமைகள் தூங்கப் போவதற்கு முந்தைய வாரம், மழையும் குளிருமாக இருந்தபோது அவள் முறை வந்தது. பக்கத்து டோலார்டிலிருந்து டாக்டரும் டாக்டரம்மாவும் முதலில் வந்தார்கள். டாக்டரம்மா ஒரு பூட்ஸைக் கழற்றியாயிற்று. சுவரோரமாக ஆமை நடந்து வந்தது.

“ஐயோ! என்னடி கமலா இது? குடித்தனம் பண்ற வீட்டுல ஆமையா? இது ஆகாதுடி!”

“எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லைங்க. ஆனாலும் எதுக்கு வம்பு?” என்றார் டாக்டர். கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள். மனிதனின் நெஞ்சை அறுத்துத் தைக்கப் படித்தவர்கள், பாலம் கட்டப் படித்தவர்கள், ஒரு ஆமைக்கு ஓடினார்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

டாக்டரே ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். ஓட்டில் குங்குமம் வைத்துக் கூர்மாவதாரம் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் வருவார்களாம். கமலா குங்குமச் சிமிழோடு போய் நின்றாள்.

“ஒரு பொட்டுதாங்க. எனக்காக.”

“அது அவதாரமும் இல்லை, அபசகுனமும் இல்லை. ஆமை” என்றார் மாப்பிள்ளை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு மணி அடிக்கவில்லை. அவள் முறையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவளையும் கூப்பிடவில்லை. அவள் பழக்கதோஷத்தில் சுண்டல் தாளிப்பாள், நானும் அவளும் தின்போம். இப்படியே போனால் என் பெண் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

பனி உருகி ஆமைகள் விழித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அவற்றைத் துணிக்கூடையில் எடுத்து வைத்தார். “வாங்க மாமா, ஆமை ஒண்ணும் செய்யாதுன்னு அவங்களுக்குக் காட்டிட்டு வரலாம்.” பஸ் பிடித்து டாக்டர் வீட்டுக்குப் போனோம். கதவு திறந்ததும் நேராக உள்ளே போய், நடுக்கம்பளத்தில் ஒன்றை இறக்கிவிட்டார்.

“பயப்படாதீங்க. வெயில் எங்கே இருக்கோ அங்கேதான் போகும், பாருங்க.”

அது வெயிலுக்குத்தான் போனது. போகிற வழியில் கம்பளத்தை நனைத்துவிட்டும் போனது.

“அட மனுஷா! உங்களுக்கு மூளை இருக்கா? எங்க வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டீங்களே!” என்று அலறினார் டாக்டரம்மா.

“கொண்டுவந்தும் ஒண்ணும் ஆகலையே?” என்றார், வகுப்பில் கேட்பது போல.

டாக்டரம்மா போனில் எச்சரிப்பதற்குள் இன்னும் மூன்று வீட்டுக் கம்பளங்களிலும் ஆமையை நடக்கவிட்டார். நான் வெட்கத்தில் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மா எங்கள் வாசலில் நின்று கத்தினார். “உன் வீட்டுக்காரர் பண்ணின காரியத்தைக் கேட்டியாடி?”

“உள்ளே வந்து திட்டுங்கக்கா” என்றாள் கமலா.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “இனிமே என்ன இருக்கு, எங்க வீட்டுக்கே வந்துட்டுது” என்று பூட்ஸைக் கழற்றினார்.

திட்டிக்கொண்டே காபி குடித்தார். மற்றவர்களும் அவரவர் கம்பளத்துக்காகத் திட்ட வந்தார்கள். வந்தவர்கள் மறுவாரமும் வந்தார்கள். என் பெண் சிரித்ததை நான் மறுபடி கேட்டது அப்போதுதான்.

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டேன். “எதை மாமா? கொஞ்சம் நகருங்க, அதுக்கு வெயிலை மறைக்கறீங்க” என்றார்.

தெரியாமல்தான் செய்தார். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. இந்த இடத்தில் கமலா பேனாவை வைத்துவிட்டு, “தெரிஞ்சுதாம்ப்பா செஞ்சார்” என்கிறாள். நான் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும், கம்பளம் நனைந்த அந்த நாலு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அழுதுகொண்டே உட்கார்ந்தார்கள். கூடைக்கதை வந்ததும் அவரைத் திட்டத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நடுவில் கமலா இருந்தாள். அந்த மனிதரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்புச் சத்தத்தைத்தான். மற்ற பெருமைகளை உங்கள் மலரில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.