ஓதச் சுவரும் மூன்று அசதிக்காரர்களும்

பெயிண்டர் வேலையில் முக்கால்வாசி நேரம் அடிப்பதில் போவதில்லை, சுரண்டுவதில்தான் போகும். உப்பு பூத்த பட்டிப் பூச்சையும், ஈரம் ஊறி ஓதம் ஏறிய இடத்தில் கறுத்த பூஞ்சையையும் தகடு வைத்துச் சுரண்டி எடுத்த பிறகுதான் பிரஷ்ஷை நனைக்கவே முடியும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருஷம் அந்த வேலை பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதோடு வந்த அசதி இன்னும் போகவில்லை. ஒரு நாள் வேலை பார்த்தால் மூன்று நாள் படுக்கை. தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரியே இருக்கும். உங்களுக்கும் இந்த அசதி இருந்தால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் நல்லா சாப்பிடுங்க என்றுதான் சொல்வார்கள்.

நாலாவது படி

முதல் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு உள்பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது, ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் எழும்பவில்லை. கையைத் தூக்கினால் கை என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. இறங்கவும் பயம். சுவரில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். லாட்ஜ் மேனேஜர் கீழே நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறார். நல்ல மனுஷன். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகுதான் கேட்டார்: "ஏண்ணே, சுவத்துக்கிட்ட ஏதும் ரகசியம் பேசுனீங்களா?"

திருமங்கலத்து டீச்சர்

ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தும் குறை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் இதற்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் இருப்பதாகச் சொன்னார். அங்கே காத்திருக்கும் பெஞ்சில்தான் சுமதி டீச்சரைப் பார்த்தேன். திருமங்கலத்தில் கணக்கு டீச்சர்; இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாத விடுப்பு. நான் பெயிண்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் அசதிக்கெல்லாம் காரணம் சுவரில் இருக்கிற பூஞ்சைதான் என்று அவர் நம்பினார். போனில் படித்துப் படித்து மூன்று வீடு மாற்றியிருந்தார். டாக்டரைக் கேட்காமல் பூஞ்சைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றைப் புரட்டவே நிறுத்தியிருந்தார்.

அவர் கூப்பிட்டாரென்று போய்ப் பார்த்தேன். படுக்கையறைப் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் குளியலறைக் குழாய் உள்ளுக்குள் கசிகிறது என்று தட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சரிசெய்துவிடலாம் என்றேன். சரிசெய்தால் நான் எழுந்துவிடுவேனா என்று கேட்டார். எனக்குச் சுவரைப் பற்றி மட்டும்தான் சொல்லத் தெரியும் என்றேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, "முழுசாக் குணமாகக்கூட வேணாம்ணே. போர்டுல ஒரே ஒரு கணக்கு, மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் நின்னுக்கிட்டே போட்டுரணும், அம்புட்டுத்தான்" என்றார்.

பெஞ்சுச் சண்டை

அதே பெஞ்சுக்கு வருகிற இன்னொருவர் பாண்டி அண்ணன். அலங்காநல்லூர்ப் பக்கம், பஸ் டிரைவர். அவர் வீட்டில் நாலு பக்கமும் வெயில் விழும், சுவரில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அப்புறம் தனக்கு ஏன் வந்தது என்பது அவர் கட்சி. உடம்பு எவ்வளவு தாங்குமோ அதில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், வேறு வைத்தியம் எதுவும் கிடையாது என்பார். டீச்சர் விடவில்லை. டிரைவர்கள் படுக்கிற அறையில் பூஞ்சை இருந்திருக்கும் என்றார். கூடப் படுத்தவர்களுக்கு ஏன் வரவில்லை என்று பாண்டி அண்ணன் கேட்டார். எல்லா உடம்பும் ஒன்றா என்று டீச்சர் கேட்டார். நடுவில் உட்கார்ந்திருந்த நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

டாக்டரிடமே கேட்டோம். ஓதம் நெஞ்சுக்கு ஆகாது, ஆகவே சுவரைச் சரிசெய்வது நல்லது, ஆனால் இந்த அசதிக்கு அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இருவரும் டாக்டர் தன் பக்கம்தான் பேசினார் என்று வெளியே வந்து மறுபடி தொடங்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் டீச்சருக்குக் குரல் இறங்கிவிட்டது. பாண்டி அண்ணன் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "மிச்சத்த அடுத்த மாசம் வச்சுக்குவோம் டீச்சர், இப்ப ஒங்களுக்கும் தெம்பில்ல, எனக்கும் தெம்பில்ல."

என் வீட்டுச் சுவர்

ஊர்ச் சுவரையெல்லாம் சுரண்டிய என் வீட்டு அடுப்படிச் சுவரில் எட்டு வருஷமாக ஓதம். டீச்சர் சொல்வது உண்மையாக இருக்கக் கூடாதா என்று எனக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. உடம்புக்குள் நடப்பது எனக்குப் புரியாது. சுவர் என்றால் தெரிந்த நோய். எங்கே கசிகிறது, எவ்வளவு ஆழம் கொத்த வேண்டும், எத்தனை நாள் காய வேண்டும், எல்லாம் தெரியும். ஒரு காலையில், என் மனைவி மீனா கடைக்குப் போயிருந்த நேரம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தகட்டை எடுத்தேன். கால்வாசிச் சுவர் சுரண்டினேன். அந்த ஒரு மணி நேரம் பழைய ஆளாக இருந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் படுக்கை. சட்டைப் பித்தான் போடக்கூட மீனாதான் வர வேண்டியிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிச்சச் சுவரைத் தானே சுரண்டினாள். நான் படுத்தபடியே சொல்லச் சொல்ல, கோணல்மாணலாகப் பூசியும் முடித்தாள். முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "ஒங்க நோய் சுவத்துலயே இருந்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்."

காய்ந்த சுவர்

சுவரைச் சரிசெய்ய, டீச்சர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சம்மதித்தார். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரை அனுப்பினேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை பார்த்தேன். குழாயை மாற்றி, பூச்சைக் கொத்தி எடுத்து, மூன்று வாரம் காயவிட்டு, பிறகு பூசி அடித்தார்கள். அதுவரை டீச்சர் தங்கச்சி வீட்டில் இருந்தார். திரும்பி வந்த பிறகு, அவருக்கு வெகுநாளாக இருந்த இருமல் நின்றது. அசதி அப்படியே இருந்தது. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது, தங்கச்சி வீட்டில் படுத்திருந்ததால்தான் என்றார் பாண்டி அண்ணன். இரண்டு மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். கோபமாக இருப்பாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். "சுவரு ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே, அதப் பாத்துக்கிட்டேதான் படுத்திருக்கேன்."

டிரைவர் சீட்டு

போன மாதம் பாண்டி அண்ணன் என்னை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். அவருடைய பழைய வண்டி நின்றிருந்தது. இப்போது ஓட்டுகிற டிரைவர் அவருக்குச் சிநேகிதர். ஏறி உட்காருங்கண்ணே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அண்ணன் மூச்சு வாங்க ஏறினார். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார், பிறகு ஞாபகம் வந்து பழையபடி வைத்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தேன். அப்போது பையோடு ஒரு அம்மா படியில் நின்று வண்டி எப்ப எடுப்பீங்க என்று கேட்டார். அண்ணன் திரும்பவில்லை, கையையும் எடுக்கவில்லை. "ஏறி உக்காருங்கம்மா, இந்தா எடுத்துருவோம்."

இத்தனை மாத வாதத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒத்துப்போனது, சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பிருந்தால் அது நல்ல நாள் என்பதில் மட்டும்தான்.