கடலே இல்லாத நாட்டுக்குத் தோணியில்

தூத்துக்குடித் துறைமுகத்தின் பெருமை, கப்பல் கரைக்கு வராது என்பதுதான். ஆழம் போதாமல் நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு நான் தோணியில் போகிறேன். யுத்தம் முடிந்த கையோடு உகாண்டாவில், கவர்னர் ஆபீஸில், குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது.

“அங்கன துறைமுகம் பெருசா?” என்கிறார் தோணிக்காரர்.

“கடலே கிடையாது, அண்ணாச்சி. மலை, பெரிய ஏரி, கண்ட இடமெல்லாம் வாழை. ராஜா ஒருத்தர் உண்டு. வெள்ளைக்காரக் கவர்னர் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறதுதான் அவரோட ராஜ்யபாரம்.”

“கடல் இல்லாத ஊருக்குள்ளயும் வெள்ளக்காரன் போயிட்டானா?”

“ரயில் போட்டுப் போயிட்டான். தண்டவாளம் போட்டது நம்ம ஆளுகதான்.”

அவர் முகம் வாடுகிறது. “நீதான அவன இங்கன கூட்டியாந்தேன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் கடல ஏசுனாரு.”

குனிந்து கடல்நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார். “எங்கப்பாவ மன்னிச்சிரு, தாயே.”

நிமிர்ந்தவர், இனி யாரை ஏசுவது என்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.